போதகர் வீட்டுச் சாவி

கேள்வி: என் கணவர் ஒன்ராறியோவில் ஒரு சிறிய தமிழ்ச் சபைக்குப் போதகராக இருக்கிறார். பதினொரு வருட ஊழியம். சபைக் குடும்பங்கள் பல வாடகைக்கு இருக்கும் ஒரு மாடிக் கட்டடத்தில், மூன்று வருடத்துக்கு முன் ஆட்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து இவர் குடியிருப்போர் சங்கம், கூட்டம், மனு என்று ஓடுகிறார். இப்போது ஒரு கட்சி மாகாணத் தேர்தலில் நிற்கும்படி கேட்டிருக்கிறது. மூப்பர்களில் பாதிப்பேர், "ஊழியமா அரசியலா, ஒன்றைத் தெரிந்தெடுங்கள்" என்கிறார்கள். நாங்கள் இருக்கும் வீடு சபையின் வீடு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். நான் ஏதாவது கேட்டால், "டொமி டக்ளசும் போதகர்தானே" என்று வாயை அடைத்துவிடுகிறார். அந்த மனிதரின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருந்தது? நான் சம்மதம் சொல்வதா, மறுப்பதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"வீடு சபையின் வீடு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். ஓய்வுபெற்ற பிறகு போதகர் குடும்பங்களோடு இருந்து பேசுகிற வேலையைச் செய்கிறேன். போதகர்மாரின் மனைவியர் எழுதும் கடிதங்களில் இந்த வரி எங்கோ ஓர் ஓரத்தில், கூச்சத்தோடு இருக்கும். சிலர் எழுதாமலே விட்டுவிடுவார்கள். கடவுளுடைய அழைப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் கூரையைப் பற்றிக் கேட்பது விசுவாசக் குறைவு என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். நானும் போதகர் வீட்டில் வளர்ந்தவள்தான். கூரையைப் பற்றி நீங்கள் கேட்டது சரி. அதற்கு முதல், உங்கள் கணவர் சொல்லும் மனிதரைப் பார்த்துவிடுவோம்.

பின்னாளில் சஸ்காட்சுவான் மாகாணத்தின் முதல்வராகி, கனடாவின் அரச மருத்துவக் காப்புறுதிக்கு வழிதிறந்த டொமி டக்ளஸ் போதகர்தான், அதில் பொய்யில்லை. 1904இல் ஸ்கொட்லாந்தின் ஃபால்கேர்க்கில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு வின்னிபெக்குக்கு வந்தவர். முழங்காலில் பட்ட காயம் எலும்புக்குள் புரையோடி, காலை எடுக்கவேண்டிய நிலை வந்தது. நல்ல நிபுணரிடம் காட்டப் பெற்றோரிடம் பணமில்லை. மருத்துவ மாணவர்கள் பார்த்துப் படிக்க விட்டால் காசில்லாமல் சிகிச்சை செய்கிறேன் என்று ஓர் எலும்பு வைத்தியர் முன்வந்தார். அதனால் கால் தப்பியது. அந்த வைத்தியர் அன்றைக்கு அந்த வழியால் வராவிட்டால் என் கால் போயிருக்கும் என்ற நினைப்பு டக்ளசைக் கடைசிவரை விடவில்லை. ஒரு பிள்ளையின் கால் ஒருவருடைய தயவில் தங்கியிருக்கக்கூடாது என்பதுதான் பின்னாளில் அவருடைய அரசியல் முழுவதற்கும் வேர்.

பிராண்டன் கல்லூரியில் படித்து முடித்து, 1930இல் சஸ்காட்சுவானில் வேபர்ன் என்ற ஊரின் கல்வரி பப்டிஸ்ட் சபைக்குப் போதகராகப் போனார். அதே வருடம் ஏர்மா டெம்ப்சியைக் கலியாணம் செய்தார். இசை படித்துக்கொண்டிருந்த, இருபது வயது நிரம்பாத பெண். போன இடத்தில் மழையில்லை, கோதுமைக்கு விலையில்லை, மேல்மண் காற்றோடு போய்க்கொண்டிருந்தது. சபைக் கட்டடத்தில் உணவும் உடுப்பும் சேர்த்துக் கொடுத்தார். 1931இல் பக்கத்து எஸ்தெவான் பகுதியில் நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்கு உணவு கொண்டுபோனார். அந்த செப்டெம்பர் 29இல் ஊர்வலமாக வந்தவர்கள்மேல் பொலிஸ் சுட்டதில் மூன்று தொழிலாளர் செத்தார்கள். இவற்றையெல்லாம்விட அவர் பிற்காலத்தில் அடிக்கடி நினைத்துக்கொண்டது இரண்டு அடக்க ஆராதனைகள். இரண்டும் முப்பதுகளில் இருந்த, சின்னப் பிள்ளைகள் உள்ள ஆண்கள். கிட்டத்தில் வைத்தியர் இல்லை, தூரத்தில் போய்க் காட்டப் பணமில்லை. குழிக்கரையில் நின்று ஜெபித்தவர் இவர்.

உங்கள் கணவரின் கதை இங்கே தொட்டுக்கொள்வது எனக்குத் தெரிகிறது. அவரும் மேடை தேடிப் போனவரில்லை. சபைக் குடும்பங்களின் கதவில் வெளியேற்றக் கடிதம் ஒட்டப்பட்டதைப் பார்த்துவிட்டுப் போனவர். அந்த அளவில் அவர் டக்ளசின் பெயரைச் சொல்லலாம்.

ஆனால் டக்ளசுக்கு முன்னால் இன்னொரு போதகர் அந்தப் பாதையை வெட்டிக்கொண்டு போயிருந்தார். உங்கள் கணவர் அவரைப் பற்றிச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஜே. எஸ். வூட்ஸ்வேர்த். ஒப்புக்கொள்கிறேன், எனக்கு இருவரில் இவரைத்தான் கூடப் பிடிக்கும். உங்களுக்குத் தேவையான பதில் அதிகமும் இவர் வாழ்க்கையில்தான் இருக்கிறது. ஏனென்றால் டக்ளஸ் சபையிலிருந்து நேரே பாராளுமன்றத்துக்குப் போனவர். வூட்ஸ்வேர்த் சபையை விட்டபோது அவருக்குப் போக ஓர் இடம் இருக்கவில்லை.

1874இல் பிறந்த மெதடிஸ்த போதகர். தகப்பனும் அதே சபையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1902இல் முதல் தடவை விலகல் கடிதம் எழுதினார். 1907இல் இரண்டாவது. தான் நம்பாத கோட்பாடுகளை நம்புவதுபோல நின்று பிரசங்கிக்க முடியாது என்றார். சபை விசாரித்துவிட்டு, நீர் விலகவேண்டிய அளவுக்கு ஒன்றுமில்லை என்று கடிதத்தை ஏற்க மறுத்து, வின்னிபெக்கின் வடக்குப் பகுதியில் ஓல் பீப்பிள்ஸ் மிஷனை நடத்தும் பொறுப்பைக் கொடுத்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். ஆறு வருடம் அங்கே இருந்தார். வின்னிபெக் வந்த டக்ளஸ் குடும்பமும் அந்த மிஷனோடு தொடர்புள்ளதுதான். சிறுவன் டொமி வூட்ஸ்வேர்த்தைப் பார்த்து வளர்ந்தவன்.

பிறகு முதல் உலக யுத்தம் வந்தது. சபைகள் பிரசங்க பீடத்திலிருந்தே பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தன. வூட்ஸ்வேர்த் அப்போது மூன்று மாகாண அரசுகள் சேர்ந்து நடத்திய ஒரு சமூக ஆய்வுப் பணியகத்துக்குத் தலைவர். கட்டாயப் படைச் சேர்ப்புக்கு வழிவிடும் பதிவுத் திட்டத்தை எதிர்த்துப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். 1917இல் பணியகம் மூடப்பட்டது, வேலை போனது. பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் கிப்சன்ஸ் லாண்டிங் என்ற சிற்றூரில் ஒரு சிறு சபை கிடைத்தது. அங்கேயும் யுத்தத்தை ஆதரித்துப் பேசவில்லை. போதாததற்கு ஊர்க் கூட்டுறவுக் கடைக்குத் துணைநின்று, கடை வைத்திருந்த பெரியவர்களைப் பகைத்துக்கொண்டார். 1918இல் மூன்றாவது கடிதம். யுத்தத்தை ஆசீர்வதிக்கும் சபையில் போதகனாக இருக்க முடியாது என்பது சாரம். இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள்.

நாற்பத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகள். மெலிந்த தேகம், புத்தகம் பிடித்துப் பழகிய கை. வன்கூவர் துறைமுகத்தில் கப்பலில் சாமான் ஏற்றி இறக்கும் கூலியாகப் போனார். மனைவி லூசி ஆசிரியையாக வேலைக்குப் போனார். சகோதரி, உங்கள் கணவர் ஒரு மாலை உட்கார்ந்து நினைத்துப் பார்க்கவேண்டிய வருடம் அது. டக்ளஸ் முதல்வராகப் பதவியேற்ற 1944ஐ எல்லோரும் நினைப்பார்கள். லூசி தன் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போன அந்தக் காலத்தை நினைப்பவர் குறைவு.

அடுத்த வருடம் நடந்ததைச் சொல்லாமல் விடமுடியாது. அதில் உங்கள் வீட்டுக் கதைக்கே ஒரு வசனம் இருக்கிறது. 1919 மே 15இல் வின்னிபெக்கில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ 30,000 பேர் வேலையை விட்டு இறங்கினார்கள். தொழிலாளர் பத்திரிகையின் ஆசிரியர் வில்லியம் ஐவன்ஸ் கைதானபோது, கூட்டங்களில் பேசுவதற்காக அங்கே வந்திருந்த வூட்ஸ்வேர்த் பத்திரிகையைக் கையில் எடுத்தார். ஐவன்சும் மெதடிஸ்த போதகராக இருந்தவர்தான். ஜூன் 21இல் கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதை ஒரு கூரைமேல் இருந்து பார்த்த பதினான்கு வயதுப் பையன்களில் ஒருவன் டொமி டக்ளஸ். இரண்டு நாளில் வூட்ஸ்வேர்த்தையும் பிடித்தார்கள். அரச துரோக எழுத்து என்று குற்றம் சாட்டி அவர்கள் எடுத்துக்காட்டிய பகுதிகளில், ஏசாயா தீர்க்கதரிசியின் வசனங்கள் இரண்டு இடத்தில் இருந்தன. ஒன்று, அநியாயமான சட்டம் செய்கிறவர்களுக்கு ஐயோ என்ற பத்தாம் அதிகாரம். மற்றது, "வீடுகளைக் கட்டி, அவைகளில் குடியிருப்பார்கள்" என்ற அறுபத்தைந்தாம் அதிகாரம். குற்றப்பத்திரிகையில் வேதவசனம்! வழக்கைப் பிறகு நடத்தாமல் கைவிட்டார்கள்.

வெளியேற்றப்படும் குடும்பங்களுக்காக ஓடும் ஒரு போதகருக்கு அந்த இரண்டாவது வசனத்துக்கு விளக்கவுரை வேண்டாம். உங்கள் மூப்பர்கள் "ஊழியமா அரசியலா" என்று கேட்கும்போது, அந்த வசனம் இந்த இரண்டில் எந்தப் பெட்டிக்குள் போகும் என்று நான் அவர்களிடம் கேட்க விரும்புகிறேன். கோபத்தில் இதைச் சொல்லவில்லை. அவர்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

1921இல் வூட்ஸ்வேர்த் வின்னிபெக்கிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். தொழிலாளர் அணியாக அங்கே இருந்தது இரண்டே பேர். மற்றவர் வில்லியம் இர்வின், அவரும் போதகராக இருந்தவர். வூட்ஸ்வேர்த் தலைவர், நான்தான் அணி என்று இர்வின் பாராளுமன்றத்தில் அறிமுகம் செய்தாராம். 1925 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. அப்போது வூட்ஸ்வேர்த்தும், தொழிலாளர் அணியில் புதிதாகத் தெரிவாகியிருந்த ஏ. ஏ. ஹீப்சும் இரண்டு பெரிய கட்சித் தலைவர்களுக்கும் ஒரே கடிதத்தை எழுதினார்கள்: வயோதிபர் ஓய்வூதியம் கொண்டுவருவீர்களா? பிரதமர் மக்கென்சி கிங் கொண்டுவருகிறேன் என்றார். முதல் தடவை செனட் மறுத்தது. 1927இல் சட்டமானது. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஏழைகளுக்கு மாதம் அதிகமாக 20 டொலர். ஆதிக்குடிகளை விட்டுவிட்டார்கள், வேறு நிபந்தனைகளும் இருந்தன. ஆனாலும் இன்று உங்கள் சபையில் ஓய்வூதியத்தில் வாழும் அம்மாமார், ஐயாமாரைப் பார்க்கும்போது அந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவர்களைப் பீடத்தில் ஏற்றி வைக்கும் எண்ணம் எனக்கில்லை. வூட்ஸ்வேர்த் 1909இல் குடியேறிகளைப் பற்றி எழுதிய நூலில் ஆசியர்களை இந்த நாட்டோடு ஒன்றிப்போக முடியாதவர்களாக எழுதினார். நம்மையும் சேர்த்துத்தான். அதை முதலில் படித்த நாளில் எனக்கு நெஞ்சு கசந்தது. டக்ளஸ் 1933இல் எழுதிய முதுகலை ஆய்வில், "குறைபாடுள்ள" குடும்பங்கள் பிள்ளை பெறுவதைத் தடுக்கவேண்டும் என்ற அன்றைய கொடிய எண்ணத்தை ஆதரித்தார். இருவரும் அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. 1935 தேர்தலில், வூட்ஸ்வேர்த் தலைவராக இருந்த, டக்ளசும் சேர்ந்திருந்த கட்சிக்கு வாக்களித்தால் சீனருக்கும் ஜப்பானியருக்கும் வாக்குரிமை கிடைத்துவிடும் என்று எதிர்க்கட்சியினர் ஆட்களைப் பயமுறுத்தினார்கள். அந்தளவுக்கு அந்தக் கட்சி ஆசியர் வாக்குரிமையின் பக்கம் வந்திருந்தது. டக்ளஸ் முதல்வராகிச் சுகாதாரத் துறையையும் தானே வைத்திருந்தபோது, கட்டாயக் கருத்தடை யோசனையை மறுத்துவிட்டார். உங்கள் கணவரும் பிழை விடுவார். பிழையைச் சொல்லும் ஆட்கள் அவர் பக்கத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூப்பர்களின் பயத்துக்கு வருகிறேன். அதில் சட்டம் சார்ந்த ஒரு பகுதி உண்டு. உங்கள் சபை பதிவுசெய்த தொண்டு நிறுவனமாக இருக்கும். கனடாவின் வருமான வரிச் சட்டப்படி அப்படியான நிறுவனம் ஒரு கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது. நேராகவும் கூடாது, சுற்றிவளைத்தும் கூடாது. 2018இல் சட்டம் தளர்ந்து, கொள்கைகளைப் பற்றி, உதாரணமாக வாடகைச் சட்டத்தைப் பற்றி, சபை எவ்வளவும் பேசலாம் என்றாகியது. கட்சி பற்றிய தடை அப்படியே இருக்கிறது. போதகர் தனி மனிதராகத் தேர்தலில் நிற்கலாம். பிரசங்க பீடத்தில் நின்று தனக்கு வாக்குக் கேட்கக்கூடாது. சபைச் செய்தித்தாளில் தன் தேர்தல் படத்தைப் போடக்கூடாது. சபை அங்கத்தவரின் தொலைபேசிப் பட்டியலைக் கட்சி அலுவலகத்துக்குக் கொடுக்கக்கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நல்ல மனிதர்களும் வழுக்குவதைக் கண்டிருக்கிறேன். "எங்கள் ஆட்கள்தானே" என்று பட்டியல் போய்விடும். அந்தப் பட்டியலை அந்தக் குடும்பங்கள் கொடுத்தது, நோயில் விழுந்தால் வந்து ஜெபிப்பதற்காக.

மற்றப் பகுதி மனம் சார்ந்தது. உங்கள் சபையில் வேறு கட்சிக்கு வாக்களிப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். மாதாமாதம் வரும் வாடகையை வைத்துத் தன் மகனைப் படிப்பிக்கும் தாயும் இருக்கலாம். அவர் வீட்டில் மரணம் நடந்தால் யாரைக் கூப்பிடுவார்? இந்தக் கேள்வியை மூப்பர்கள் கேட்டால் அது அரசியல் சூழ்ச்சியில்லை. உங்கள் கணவர் அதற்குப் பெயர் சொல்லிப் பதில் வைத்திருக்கவேண்டும். தேர்தல் காலத்தில் அடக்க ஆராதனைக்கும் திருவிருந்துக்கும் யார் வருவார் என்று.

இன்னொன்று, எல்லாச் சபைகளிலும் கதவு ஒரேமாதிரித் திறந்திருப்பதில்லை. கத்தோலிக்கக் குருக்கள் அரச அதிகாரமுள்ள பதவிகளை ஏற்பதைத் திருச்சபைச் சட்டமே தடுக்கிறது. அமெரிக்க கொங்கிரசில் பத்து வருடம் இருந்த இயேசு சபைக் குரு ரொபர்ட் டிரினன், 1980இல் மேலிடத்து உத்தரவு வந்ததும் மறுபடி நிற்காமல் விலகினார். உங்கள் சபைப் பிரிவின் விதி என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூப்பர் ஒருவர் வாயால் சொன்னது விதியாகாது.

டக்ளசுக்கும் இப்படி ஒரு வாய்ச்சொல் வந்தது. 1934 மாகாணத் தேர்தலில் நின்று தோற்றார். இனிப் போதும் என்று மேற்படிப்பை யோசித்துக்கொண்டிருந்தபோது, சபைப் பிரிவின் மேலதிகாரி ஒருவர் வந்து, மறுபடி நின்றால் கனடாவில் உனக்கு வேறு சபை கிடைக்காது என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கைதான் தன்னை நிற்க வைத்தது என்று டக்ளஸ் சொல்லுவார். 1935இல் பாராளுமன்றம் போனார். நல்ல கதைதான். ஆனால் ஒரு குடும்பத்தலைவர் கோபத்தில் எடுத்த முடிவு அது என்றும் எனக்குப் படுகிறது. அன்றைக்கு ஏர்மாவின் கையில் ஒரு வயதுக் குழந்தை. வென்றதால் அது வீரமாகிவிட்டது. உங்கள் மூப்பர்கள் மிரட்டினால், அந்த மிரட்டலுக்குப் பதிலாக முடிவெடுக்கவேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

தோல்வியைப் பற்றியும் பேசுங்கள். டக்ளஸ் 1944இல் 52 இடங்களில் 47ஐ வென்று சஸ்காட்சுவானின் முதல்வரானார். 1947 ஜனவரி 1இல் வைத்தியசாலைக் காப்புறுதி வந்தது. ஆளுக்கு வருடம் 5 டொலர், குடும்பத்துக்கு 30 டொலருக்கு மேல் இல்லை. 17 வருடம் ஆட்சி. 1961இல் புதிய ஜனநாயகக் கட்சியின் முதல் தலைவரானார். இவ்வளவுக்கும் பிறகு, 1962 ஜூனில் ரெஜைனாவில் தன் சொந்தத் தொகுதியில் தோற்றார். வைத்தியரிடம் காட்டும் செலவை அரசே ஏற்கும் திட்டம் அந்த ஜூலை 1இல் தொடங்க இருந்தது. வைத்தியர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். தொடங்கிய அன்றே அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, 23 நாள் கழித்துத்தான் உடன்பட்டார்கள். அந்தத் திட்டந்தான் பின்னர் நாடு முழுவதற்கும் போனது. 1968இல் டக்ளஸ் இன்னொரு முறை தோற்றார். தொகுதி தேடிப் பிரிட்டிஷ் கொலம்பியா வரை போனவர் அவர். உங்கள் கணவர் தோற்ற மறுநாள் காலை எங்கே வேலைக்குப் போவார்? இதற்கு விடை இல்லாமல் வேட்புமனுவில் கையெழுத்துப் போடக்கூடாது.

டக்ளஸ் தோல்விக்குப் பயந்து பேசாமல் இருந்தவருமில்லை. 1970 ஒக்ரோபரில், பிரிவினைவாதிகள் ஆட்களைக் கடத்திய கியூபெக் நெருக்கடியில், பிடியாணை இல்லாமல் கைதுசெய்ய இடங்கொடுக்கும் யுத்தகால அவசரச் சட்டத்தை அரசு கொண்டுவந்தபோது, நாடே அதை ஆதரித்தது. பாராளுமன்றத்தில் 190 பேர் ஆதரவு, 16 பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களுக்குத் தலைவர் அவர். கடலையை உடைக்கச் சம்மட்டியா என்று கேட்டார். பிடியாணை இல்லாமல் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த 16 பேரை நான் மதிக்கிறேன்.

நீங்கள் சம்மதம் சொல்வதா மறுப்பதா என்று கேட்டீர்கள். 1939 செப்டெம்பரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜேர்மனிக்கு எதிரான யுத்தத்தில் கனடா சேர்வதா என்று பாராளுமன்றம் விவாதித்தது. வூட்ஸ்வேர்த்தின் சொந்தக் கட்சியே யுத்தத்துக்கு உதவத் தீர்மானித்துவிட்டது. அவர் மட்டும் தன் மனச்சாட்சிக்காக எதிர்த்துப் பேச எழுந்தார். பக்கவாதம் தாக்கிப் பார்வை மங்கியிருந்தது. லூசி சில சொற்களைப் பெரிய பெரிய எழுத்தில் அட்டைகளில் எழுதிக் கொடுத்திருந்தார். பக்கத்தில் இருந்து அந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டியவர் டக்ளஸ். சற்று நேரத்தில் அவருக்கு எதிராகத்தான் நான் வாக்களிக்கப் போகிறேன் என்று தெரியும், ஆனாலும் அன்றைக்குப்போல் அவரை என்றும் மதித்ததில்லை என்று டக்ளஸ் பின்னாளில் சொன்னார். யுத்தத்தை நடத்தப்போகிற பிரதமர் கிங்கே எழுந்து வூட்ஸ்வேர்த்தைப் புகழ்ந்தார்.

நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் வூட்ஸ்வேர்த்தைப் பற்றிக் கேட்பார்கள், டக்ளசைப் பற்றிக் கேட்பார்கள். அந்த அட்டையை எழுதிய கையைப் பற்றிக் கேட்டவர்கள் ஓரிருவர்தான். கிப்சன்ஸ் லாண்டிங்கில் பாடம் சொல்லப் போன அதே கை. லூசி என்ன எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதினார். உங்கள் சம்மதமும் அப்படி, எல்லாம் தெரிந்து கொடுக்கும் சம்மதமாக இருக்கவேண்டும். தெரியாமல் கொடுத்தால் அது இரண்டு வருடத்தில் புளித்துப்போகும், உங்களுக்குள் மட்டுமல்ல, பிள்ளைகளுக்குள்ளும். அவர்கள் மகள் கிரேஸ் வளர்ந்து 1965இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து பாராளுமன்றம் போன முதல் பெண்ணானார். அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு விஷயம் மறைக்கப்படவில்லை என்பது என் ஊகம்.

எல்லாம் தெரிந்த பிறகும் உங்கள் மனம் ஒப்பவில்லையென்றால் மறுக்கலாம். அதற்காகக் கடவுள் உங்களைக் கணக்குக் கேட்கமாட்டார். குடியிருப்போர் சங்க வேலைக்கு வேட்புமனு தேவையில்லை. அதை அவர் போதகராக இருந்துகொண்டே செய்யலாம், செய்யவும் வேண்டும். என் மனதைக் கேட்டால், அவர் நிற்கலாம் என்றுதான் தோன்றுகிறது. மூன்று வருடம் ஒரு மாடிப்படியில் ஏறி இறங்கியவர் சட்டசபைக்குப் போனால் நல்லது. ஆனால் உங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்து முடிவெடுக்கப்போவது நானில்லை.

கட்சிக்குப் பதில் சொல்லும் முன் மூப்பர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதட்டும். வூட்ஸ்வேர்த் எழுதியதுபோல, ஏன் என்பதை மறைக்காமல். பிரசார காலத்துக்குச் சம்பளமில்லாத விடுப்பு வேண்டும், அந்தக் காலத்தில் பிரசங்க பீடத்துக்கு வரமாட்டேன், இன்னார் ஆராதனை நடத்துவார், சபைப் பட்டியலைத் தொடமாட்டேன் என்று எழுதட்டும். வென்றால் விலகும் திகதியையும், தோற்றால் திரும்பிவர இடமுண்டா என்ற கேள்வியையும் எழுதட்டும். கூட்டத்தில் பேசிய பதில் போதாது, குறிப்பேட்டில் பதிந்து கையெழுத்தோடு வாங்குங்கள். வீட்டைப் பற்றிய பந்தியை நீங்களே எழுதுங்கள். பிள்ளைகளின் பள்ளி வருடம் முடியும் வரை, குறைந்தது ஆறு மாதம் கேளுங்கள். சாவியை எந்த நாளில், யாரிடம் ஒப்படைப்பது என்பதும் அந்தப் பந்தியில் இருக்கட்டும்.